லாண்ட்ரி வீட்டுப் பெண்

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் லாண்ட்ரி வீட்டு வாசலில் வேன் நின்றது. மழை மூட்டம் என்பதால் தெரு விளக்கை அணைக்காமலே விட்டிருந்தார்கள். வேனை ஓட்டி வந்த பஸ் டிரைவர் முதலில் இறங்கினார். பிறகு அவர் மனைவி, மகன், கடைசியாக மகள். நான் குடையோடு இறங்கி, எப்போதும்போல முகத்தில் ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன். சிரிக்கத் தெரியாதவர்கள் என் தொழிலுக்கு வரக்கூடாது.

நான் கல்யாணத் தரகர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் தரகரம்மா. என் கைப்பையைக் கவிழ்த்தால் மாப்பிள்ளைப் படங்களாகக் கொட்டும். சிரிக்கிறவன், முறைக்கிறவன், கடன் வாங்கிய கோட்டில் வேர்க்கிறவன் என்று எல்லா ரகமும் உண்டு. பெண் படம் வருவதே அபூர்வம். வந்தாலும் நான் வீடு போய்ச் சேர்வதற்குள் யாராவது வழிமறித்து வாங்கிப் போய்விடுவார்கள்.

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பையனாகவே பிறந்தான். எப்படி என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அந்தப் பையன்கள்தான் இப்போது முன்நெற்றி ஏறி, தொப்பை தள்ளி, அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் நிற்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் விவரமானவர்கள். அவர்களுக்கும் ஒரு பையன் இருப்பானே. "எங்க பொண்ணு வேணும்னா எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் கொடுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். பெண்ணுக்குப் பெண். அதுதான் இப்போது சட்டம். வீட்டில் பெண் இல்லாதவன் அண்ணன் மகள், தம்பி மகள் என்று உறவில் யாரையாவது இழுத்து வந்து காட்டுவான். அதற்கும் வழியில்லாதவன் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு காத்திருப்பான்.

இந்த வீட்டு லாண்ட்ரி அக்காவின் மகன் அப்படிக் காத்திருந்தவன்தான். லிஃப்ட் மெக்கானிக். நாற்பதைத் தொடப் போகிறான். தங்கமான பிள்ளை, குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. "ஊர்ல எல்லாரையும் மேல ஏத்தி விடறேன் தரகரம்மா, நான் மட்டும் கீழேயே நிக்கிறேன்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். அவனுக்கு எப்படியாவது ஒரு பெண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது.

டிரைவர் குடும்பத்துக்குப் பையனும் உண்டு, பெண்ணும் உண்டு. பையன் டயர் கடையில் இருக்கிறான், பெண் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். லாண்ட்ரி அக்காவுக்குப் பெண் இல்லை; ஆனால் அவள் தம்பிக்கு ஒரு பெண் இருக்கிறாள். அவளைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. முதலில் வீட்டைப் பார்க்கட்டும், பையனைப் பார்க்கட்டும், மனசு இளகட்டும் என்றுதான் அழைத்து வந்தேன்.

அது பழைய காலத்து நீளமான வீடு. முன்னறையில் இஸ்திரி மேஜையும், சுவர் உயரத்துக்கு மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளும். ஒரு திரைக்கு அப்பால் நீண்ட கூடம். ஊரிலிருக்கும் லாட்ஜுகளின் விரிப்பெல்லாம் அங்கேதான் துவைத்துக் காய்கிறது. மழைக்காலமானதால் கூடம் முழுக்கக் கயிறு கட்டி, வெள்ளை விரிப்புகளை வரிசை வரிசையாகத் தொங்கவிட்டு, மின்விசிறிகளை ஓடவிட்டிருந்தார்கள். சோப்பும் ஈரமும் கலந்த வாடை வாசலிலேயே வந்து மூக்கில் ஏறியது.

பேச்சு நன்றாகத்தான் போனது. டிரைவரும் மெக்கானிக்கும் பிரேக்கைப் பற்றி ஆரம்பித்து விட்டார்கள். பஸ் பிரேக்குக்கும் லிஃப்ட் பிரேக்குக்கும் என்ன சம்பந்தமோ, இரண்டு பேரும் அப்படி ஒரு சந்தோஷமாகப் பேசினார்கள். டிரைவர் மனைவி, செருப்பில் ஒட்டிய சேற்றைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும் என்று எழுந்தார். லாண்ட்ரி அக்கா, கூடத்தின் கோடியில் குழாய் இருப்பதாகக் கை காட்டினாள்.

போனவர் வர நேரமானது.

வந்தபோது அவர் கையில் வெள்ளைத் துவாலை ஒன்று இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, பொண்ணே இல்லைன்னு சொன்னீங்க? இவ்வளவு லட்சணமா ஒருத்தியை உள்ள வச்சுக்கிட்டு!"

லாண்ட்ரி அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது.

"கேக்காமலே துவாலை எடுத்துக் கொடுக்குது. 'அம்மா முன்னாடி இருக்காங்க, போங்க'ன்னு என்ன மரியாதையாச் சொல்லுது! எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. உங்க பொண்ணு எங்களுக்கு, எங்க பொண்ணு உங்களுக்கு. வேற யாரையும் தேட வேணாம்."

விரிப்பு கருகும் வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியை எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் நான் செய்ததை எந்தத் தரகரும் செய்திருப்பார். பார்க்க வந்தவர்கள் வாய்விட்டுப் பிடித்திருக்கிறது என்று சொன்னால், குறுக்கே பேசக்கூடாது. அது எங்கள் தொழிலின் முதல் பாடம். வேலைக்கு வந்த பெண்ணாக இருக்கும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் கூச்ச சுபாவம். அதான் முன்னாடியே சொல்லல" என்றேன்.

டயர் கடைப் பையன் திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கப் போனான். திரும்பி வந்தபோது காது மடல் சிவந்திருந்தது. "பேசினியா?" என்று அவன் அம்மா கேட்டதற்கு, "இல்லம்மா. சிரிச்சா. அப்புறம் துணியை இழுத்து முகத்தை மூடிக்கிட்டா" என்றான். பிறகு அவன் தங்கை போனாள். அவள் சிரிப்பில்லாமல் திரும்பி வந்து, இரண்டு உள்ளங்கையையும் சூடு வரும்வரை தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வேன் தெருமுனை திரும்பியதும் நான் லாண்ட்ரி அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருக்கா அது? வேலைக்கு ஆள் வச்சிருக்கீங்களா?"

"இந்த வீட்டுல பொண்ணு கிடையாது."

"மூணு பேர் பாத்திருக்காங்களே?"

"கிடையாதுன்னா கிடையாது!"

அவள் கத்தியதும் மின்சாரம் போனது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. அதன் பிறகுதான் திரைக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சொட்டு, சொட்டு என்று நீர் விழும் சத்தம்.

மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவன் வாயைத் திறக்கும்வரை.

"யாரா இருந்தா என்னம்மா? அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. இருக்குன்னே சொல்லுங்களேன்."

வீட்டுக்குள் யாரோ ஒருத்தி இருக்கிறாள். அவள் யார் என்று அவன் கேட்கவில்லை.

நான் திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனேன். எனக்குத் தைரியம் அதிகம் என்று நினைக்க வேண்டாம். யாரோ வேலைக்காரப் பெண் பயந்து ஒளிந்திருக்கிறாள் என்றுதான் அப்போதும் நம்பினேன்.

மேலே ஒரு கண்ணாடி ஓடு வழியாக வந்த சாம்பல் வெளிச்சம்தான். இருபக்கமும் வெள்ளை விரிப்புகள் தரையைத் தொடாமல் தொங்கின. காற்றே இல்லை. ஒன்றும் அசையவில்லை. முன்வரிசையைத் தொட்டேன், உலர்ந்திருந்தது. அடுத்ததும் உலர்ந்திருந்தது. உள்ளே போகப் போகக் குளிர் ஏறியது.

"யாரும்மா அங்க? வெளிய வா. யாரும் திட்ட மாட்டாங்க."

கடைசி வரிசையில் ஒரே ஒரு விரிப்பு மட்டும் நனைந்து கனத்துத் தொங்கியது. அதன் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

வளர்ந்த பெண்ணின் பாதங்கள். ஆனால் அவற்றின் தோல் பச்சைக் குழந்தையின் பாதம்போல இளஞ்சிவப்பாக, சுருங்கி இருந்தது. ஒரு நாளும் தரையில் நடக்காத பாதங்கள்.

நான் மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன்.

என் முகத்துக்கு நேராக ஈரத்துணி அசைந்தது. உள்ளே போனது. வெளியே வந்தது.

மறுபடி உள்ளே போனது.

துணிக்குப் பின்னாலிருந்து யாரோ மூச்சை இழுக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணி ஒட்டிக்கொண்டு ஒரு மூக்கு தெரிந்தது, கண் குழி தெரிந்தது, திறந்த வாய் தெரிந்தது. துணி அந்த வாய்க்குள் போய் அடைத்துக்கொண்டது. விடுவித்துக்கொள்ள முடியாமல் திணறியது. எவ்வளவு இழுத்தும் மூச்சு வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு விரிப்பைப் பிடித்து இழுத்தேன். அது என் தோளில் சரிந்து விழுந்தது. பின்னால் வெறும் சுவர். குழாய். இறுக மூடிய குழாயிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை.

எப்படி முன்னறைக்கு வந்தேன் என்று தெரியவில்லை. மகன் வெளியே போயிருந்தான். லாண்ட்ரி அக்கா கருகிய விரிப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் தோள் நனைந்திருப்பதைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை.

"இவனுக்கு அடுத்தது" என்றாள், வாய்க்குள்ளேயே. "அதுவும் பையன்தான்னு எல்லாரும் அடிச்சுச் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். பொறந்தப்போ இந்தக் கூடத்துலதான்... வெளிய துணி காஞ்சுக்கிட்டிருந்துச்சு. யாரும் செய்யச் சொல்லல தரகரம்மா. வீட்டுல எல்லார் முகமும் தொங்கிப் போயிருந்துச்சு, அவ்வளவுதான். நானே எழுந்தேன். ஈரத்துணிதான். என் கையாலதான்."

எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அவள் தலையை என் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. என் பையில் ஏன் பெண் படமே இல்லை என்று நான் ஊரெல்லாம் வேடிக்கை பேசித் திரிந்தது நினைவுக்கு வந்தது.

"பேரு?"

"வைக்கல."

மறுநாள் டிரைவருக்கு போன் செய்து இந்தச் சம்பந்தம் சரிவராது என்றேன். அவர் காது கொடுத்தே கேட்கவில்லை. பையன் சாப்பிடாமல் அந்தப் பெண் நினைப்பாகவே இருக்கிறானாம். இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். நாளும் குறித்துவிட்டார்.

அவரிடம் பேசிப் பயனில்லை என்று மருந்துக் கடைக்குப் போனேன். மகள் மாத்திரை அட்டைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலைவலி மாத்திரை கேட்பதுபோல நின்றேன். உண்மையிலேயே தலையும் வலித்தது.

"நீ அங்க என்னம்மா பாத்தே?"

அவள் கடைக்காரர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஐஸ் மாதிரி இருந்துச்சு. 'உன்னைக் கேட்டாங்களா?'ன்னா. இல்லைன்னேன். எங்க வீட்டுல அண்ணனுக்குப் பொண்ணு வேணும், அதுக்கு என்னைக் கொடுக்கறாங்க. என்னை யாரு கேக்கப் போறா? அதைச் சொன்னேன்."

"அதுக்கு அவ?"

"'எங்க அம்மா என்ன சொல்லுவாங்கன்னு பாக்கணும்'னா. அதைச் சொல்லும்போது சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கல." மாத்திரையை உறையில் போட்டு நீட்டினாள். "தரகரம்மா, அவங்க அம்மாகிட்ட சொல்லுங்க. யோசிச்சுப் பேசச் சொல்லுங்க."

சொன்னேன். குறித்த நாளில் அவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஓடிப்போய், லாண்ட்ரி அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன். கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார்கள், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவள் கையை உருவிக்கொண்டாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். கண்ணின் கீழே கறுத்துக் கிடந்தது.

"தினமும் துணியை மடிச்சு வைக்கிறா, தரகரம்மா. நான் கலைச்சுப் போட்டா மறுபடியும் மடிச்சு வைக்கிறா. இங்கேருந்து போனாப் போதும். அவளும் ஒரு வீட்டுக்குப் போவா, இவனுக்கும் ஒருத்தி வருவா. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"ரெண்டாவது தடவையாக்கா?" என்றேன்.

 மகன் உள்ளேயிருந்து வந்து நாற்காலிகளைத் துடைத்துப் போட ஆரம்பித்தான். சட்டைக் காலரில் தலைச்சாயம் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. அம்மா அதை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டாள். அவனைப் பார்க்கும்போது மட்டும் அவள் முகத்தில் அப்படி ஒரு கனிவு வந்து உட்காரும். 

அன்றும் மழை. கதவைச் சாத்தி விளக்கைப் போட்டார்கள். டிரைவர் குடும்பம் ஒரு பக்கம், தாயும் மகனும் எதிர்ப்பக்கம், நான் நடுவில். திரைக்குப் பின்னால் சொட்டு, சொட்டு என்று நீர் விழுந்துகொண்டிருந்தது. மழை என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"எங்க பொண்ணை உங்க பையனுக்குக் கொடுக்க எங்களுக்குச் சம்மதம். உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

சொட்டுவது நின்றது.

நான் லாண்ட்ரி அக்காவையே பார்த்துத் தலையை ஆட்டினேன். மருந்துக் கடைப் பெண்ணும் பார்த்தாள். லாண்ட்ரி அக்கா எங்களைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். அவன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வார்த்தைம்மா" என்றான்.

"சம்மதம்" என்றாள்.

"சரிம்மா" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோருக்கும் கேட்டது. டிரைவர் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாம்மா, வெளிய வா, வெக்கப்படாதே" என்றார்.

திரை விலகியது.

தலையிலிருந்து கால்வரை வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி வந்தாள். விரிப்பு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் வந்த வழியெல்லாம் தரை ஈரமானது. டயர் கடைப் பையன் எழுந்து நின்றான். அவள் அவனைக் கடந்து போனாள். அவன் அம்மா நீட்டிய கையையும் கடந்து போனாள். தன் அண்ணன் மெக்கானிக்கின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

பிறகு தன்மேல் இருந்த விரிப்பை விரித்து அவனையும் சேர்த்து மூடினாள்.

டிரைவர் மனைவி சிரித்தார். அண்ணன் தங்கை விளையாட்டு என்று நினைத்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. துணி உள்ளே போவதைப் பார்த்துவிட்டேன்.

உள்ளே போனது.

வெளியே வரவில்லை.

அவன் கால்கள் தரையில் உதைத்தன. நாற்காலி சாய்ந்து விழுந்தது. டிரைவரும் அவர் மகனும் பாய்ந்து விரிப்பைப் பிடித்து இழுத்தார்கள். ஈரத்துணிதானே, இரண்டு ஆண்பிள்ளைகள் இழுத்தால் கிழிந்துவிட வேண்டாமா? ஒரு நூல்கூடப் பிரியவில்லை. துணியின்மேல் அவனுடைய மூக்கு, கண், பிளந்த வாய் எல்லாம் அச்சாகத் தெரிந்தன. லாண்ட்ரி அக்கா அவன்மேல் விழுந்து நகத்தால் பிறாண்டினாள்.

"விடுடி! அவனை விடு! என்னை எடுத்துக்கோ! என்னை எடுத்துக்கோயேன்!"

துணி விடவில்லை. உதைத்துக்கொண்டிருந்த கால்கள் தளர ஆரம்பித்தன.

"அவ கேக்கறது அது இல்லக்கா!" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "கொடுக்கறேன்னு சொன்னீங்கள்ல! அந்த வார்த்தையைத் திருப்பி எடுங்க!"

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவளுக்கும் மூச்சு அடைத்ததுபோல ஒன்றிரண்டு முறை திறந்து மூடியது. பிறகு வெடித்துக்கொண்டு வந்தது.

"கொடுக்க மாட்டேன்! என் பொண்ணை யாருக்கும் கொடுக்க மாட்டேன்! என் பொண்ணு இவ. நான் பெத்த பொண்ணு. நான்தான்... நானே என் கையால... இருந்துக்கோடி. இங்கேயே இருந்துக்கோ. எங்கயும் அனுப்ப மாட்டேன்."

விரிப்பு தளர்ந்து சரிந்தது.

உள்ளே அவன் மட்டும்தான் இருந்தான். உதடு நீலமாகியிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உலகத்துக் காற்றையெல்லாம் ஒரே மூச்சில் இழுப்பவன்போல இழுத்தான். லாண்ட்ரி அக்கா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓலமிட்டாள். அவள் தோளுக்குப் பின்னால் சேலை மெல்ல நனைந்தது. யாரோ பின்னாலிருந்து கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்ததுபோல, கன்னத்தின் அளவுக்கு ஒரு ஈரம். அவள் அழுகை சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு அவள் அசையவே இல்லை.

டிரைவர் வீட்டார் வேனில் ஏறினார்கள். மருந்துக் கடைப் பெண்தான் கடைசியாகப் போனாள். கீழே கிடந்த விரிப்பை எடுத்து ஒழுங்காக மடித்து மேஜைமேல் வைத்தாள். "போய்ட்டு வரேன்" என்றாள். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவளுக்குக் கல்யாணம் இப்போதைக்கு இல்லை. அண்ணனுக்கு வேறு இடம் கிடைக்கும்வரை அவளை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். கடைக்கு நான் போனால் மாத்திரையோடு ஒரு சிரிப்பும் சேர்த்துக் கொடுக்கிறாள்.

மெக்கானிக் இப்போதெல்லாம் வீட்டில் தூங்குவதில்லை. வேலை பார்க்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையிலேயே படுத்துக்கொள்கிறான். தன் படத்தை என்னிடமிருந்து திருப்பி வாங்கிப் போய்விட்டான். லாண்ட்ரி மட்டும் முன்பைவிட நன்றாக நடக்கிறது. துணி கொடுக்கப் போகிறவர்களிடம் லாண்ட்ரி அக்கா, "பொண்ணு உள்ள மடிச்சுக்கிட்டிருக்கா, இருங்க" என்கிறாளாம். அவள் குரலில் பாசமும் தெரியவில்லை, பயமும் தெரியவில்லை என்கிறார்கள். ஒன்று மட்டும் என்னைப் போட்டு அரிக்கிறது. என் பொண்ணு என்று அன்று அவள் கத்தியதும் மகன் உயிருக்காகத்தான். இது எனக்கே தெரிகிறது. அவளோடு அந்த வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

நான் தொழிலை விடவில்லை. விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது?

நேற்றுச் சாயங்காலம், மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில், பேக்கரிக்காரம்மா என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு மூன்று பையன்கள்; பெண் கிடையாது. மூன்று பேருக்கும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஒன்றும் அமையவில்லை. எப்போதும் வாசலிலிருந்தே சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறவர், இந்தத் தடவை செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"எங்க வீட்டுல பேசினதெல்லாம் மறந்துடுங்க தரகரம்மா" என்றார். "பையன்களுக்கு இப்போ பாக்க வேணாம்."

"ஏங்க? என்ன ஆச்சு? முதல்ல உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. திரும்பித் தனக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தார். படியில் யாரும் இல்லை. வெயில்தான் இருந்தது.

"இன்னும் ரெண்டு நாற்காலி போடுங்க" என்றார், மிக மெதுவாக. "பொண்ணுங்க ரொம்ப நேரமா நிக்கறாங்க."